ஒரு கண்ணுக்குப் பழம், ஒரு கண்ணுக்கு அழுகல்

எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒன்றும் இல்லை. சித்தூரில் தமிழ் மீடியத்தில் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டரும் மளிகைச் சீட்டும்தான். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. அப்படிப்பட்டவள் பேனாவை எடுத்ததற்குப் படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே இதைப் படிக்க வேண்டாம்.

சித்தூருக்கு வெளியே ஒரு ஜூஸ் ஃபேக்டரியில் மாம்பழ சீசனில் வேலை செய்துவந்தேன். ஊரில் ஜூஸ் ஃபேக்டரி என்று சொன்னாலும் அங்கே ஜூஸ் கிடையாது. தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கி டிரம்மில் அடைத்து அனுப்புவார்கள். கழுவும் தொட்டியிலிருந்து பழம் உருளைகள் ஓடும் பெல்ட்டில் ஏறி வரும். பெல்ட்டின் இரண்டு பக்கமும் பெண்கள் நிற்போம். அழுகல், பூஞ்சை, கறுப்பு விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கிக் காலடியில் இருக்கும் டிரம்மில் போட வேண்டும். மிச்சம் போகும் இடத்தில் பழத்தின் காம்புத் தலையை வெட்டும் பெண்கள் கத்தியோடு இருப்பார்கள். அதற்கப்புறம் எல்லாம் மெஷின்.

பெல்ட்டில் மூக்கு உதவாது. சீசன் தொடங்கிய முதல் வாரத்திலேயே அது செத்துப்போகும். புளித்த சாறு தரையில் ஓடும், கொட்டைக் குவியலில் ஈ மொய்க்கும், ஆனாலும் மூக்குக்கு ஒன்றும் தெரியாது. கையும் உதவாது. ரப்பர் உறை போட்ட கைக்குப் பழுத்ததும் அழுகியதும் ஒரே மெத்தைதான். கண் ஒன்றுதான் வேலை செய்யும். பழத்தின் மஞ்சளில் எது சரியான மஞ்சள், எது பழுப்புக்குப் போகிறது என்று அது சொல்ல வேண்டும். பதினொரு சீசனாக என் கண் சொல்லிக்கொண்டிருந்தது. என்னை யாரும் கேள்வி கேட்டதில்லை.

இந்த சீசன் தொடக்கத்தில் எனக்கு எதிர்ப்பக்கம் ஒரு புதுப் பெண்ணை நிறுத்தினார்கள். ஜி.டி. நெல்லூர் என்று சொல்லும் கங்காதர நெல்லூர் பக்கத்திலிருந்து வருபவள், முப்பது வயது இருக்கும். முதல் நாளே இரண்டு கையாலும் பழத்தை எடுத்து டிரம்மில் போட்டாள். டீக்கு மணி அடிப்பதற்குள் அவள் டிரம் நிறைந்துவிட்டது. என்னுடையதில் பாதிகூட இல்லை. மூன்றாம் நாள் மேஸ்திரி வந்தார். அந்த ரோட்டில் இருக்கிற ஃபேக்டரிகளுக்கெல்லாம் பெண்களைக் கூட்டிவருவது அவர்தான். அவருடைய வேன்கள்தான் ஓடும். வேலையில் யார் நிற்க வேண்டும், யார் போக வேண்டும் என்பதும் அவர் வாயில்தான் இருந்தது.

"இன்னாமா இது, பாதி லோடு டிரம்முல போவுது? லாரிக்காரன் காசு கொறையுதுன்னு என்னை அடிக்க வரான்."

"அழுகிப் போச்சுண்ணா. பாருங்க, பூஞ்சை புட்சிக்கினு இருக்குது" என்றாள் அவள்.

மேஸ்திரி அவள் டிரம்மில் கையை விட்டு ஐந்து பழங்களை எடுத்து என் எதிரில் வரிசையாக வைத்தார். "அக்கா, நீ சொல்லு. பதினொரு வருசமா பாக்குறவ நீ. இது அழுகலா?"

பெல்ட்டை நிறுத்தியிருந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பழத்தைப் பார்த்தேன். ஐந்தும் தங்க நிறம். ஒன்றில் மட்டும் காம்புப் பக்கம் கொஞ்சம் நிழல் மாதிரி இருந்தது.

"நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

"அக்கா! நல்லா பாருக்கா. திருப்பிப் பாரு."

திருப்பியும் பார்த்தேன். மறுபடியும் அதையே சொன்னேன். உண்மையை எழுதுவதென்றால், அந்த நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அத்தனை பேர் முன்னால் என் பேச்சை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கண்ணு சரியில்லாத புள்ளைங்களெல்லாம் பெல்ட்டுக்கு வந்தா ஃபேக்டரிய மூட வேண்டியதுதான்" என்றார் மேஸ்திரி. அவளை அன்று மதியமே அனுப்பிவிட்டார்கள். கண்ணு சரியில்லாதவள் என்ற பேச்சு வேனில் ஏறி மற்ற ஃபேக்டரிகளுக்கும் போய்விட்டது. இந்த சீசனில் எந்த பெல்ட்டிலும் அவளுக்கு இடம் இல்லை.

அடுத்த வாரம் திருப்பதியில் எனக்குக் கண் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். இரண்டு வருடமாகவே ராத்திரியில் லைட்டைப் பார்த்தால் சுற்றிலும் வளையம் தெரியும். ஊசியில் நூல் கோர்க்க முடியாது. வயசானால் வருகிற பொரைதான், வலது கண்ணில் முதலில் எடுத்துவிடலாம், இடது கண்ணுக்கு அப்புறம் வா என்று சொல்லியிருந்தார்கள். நிறத்தைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சுவரில் மாட்டிய அட்டையில் எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். முக்கி முக்கி நாலாவது வரி வரை படித்தேன். அவ்வளவுதான் சோதனை.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். கட்டில் விரிப்பு வெள்ளையாக இருந்தது. சாதாரண வெள்ளை இல்லை, நீலம் ஓடிய, கண் கூசுகிற வெள்ளை. வலது கண்ணை மூடி இடது கண்ணால் பார்த்தேன். அதே விரிப்பு, டீ கொட்டிக் காய்ந்த துணி மாதிரி இருந்தது. மறுபடி வலது கண், மறுபடி இடது. கட்டுப் பிரித்த பெண் சிரித்தாள். திருப்பதிக்காரி, தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவாள்.

"எல்லாரும் இப்படித்தான் ஆட்டம் ஆடுவாங்கம்மா. கண்ணுக்குள்ள இருக்குற லென்ஸு வயசாக வயசாக மஞ்சளா ஆவும், அப்புறம் பழுப்பு. நீலத்த உள்ள உடாது. நீங்க இத்தினி வருசம் டீ கலர் கண்ணாடி வழியா பாத்துக்கினு இருந்தீங்க, அந்தே, அவ்ளோதான்."

"எனக்குத் தெரியலியேம்மா."

"எப்டித் தெரியும்? ஒரே நாள்ல ஆயிருந்தா தெரியும். மெல்ல மெல்ல ஆனா மூளை அதுக்குப் பழகிப் போயிடும். இதுதான் வெள்ளைன்னு கணக்கு மாத்திக்கும். கண்ணு பாக்கறத அப்படியே நமக்குக் காட்டாதும்மா. பக்கத்துல இருக்குறத வச்சு ஒரு அந்தாஜ் போட்டுத்தான் காட்டும்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறேன் என்று நினைத்து எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள். சந்தோஷம் என்று சொன்னால் அந்த இரண்டு மணி நேரம்தான்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் குமட்டியது. சமையலறைச் சுவர் க்ரீம் பெயிண்ட் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வெள்ளை பெயிண்ட். மேலே எண்ணெய்ப் பிசுக்கு ஒரு விரல் கனத்துக்கு ஏறி, அதில் பல்லி எச்சமும் கொசு இறகும் ஒட்டிக்கிடந்தன. எலுமிச்சை ஊறுகாய் ஜாடியைத் திறந்தேன். மேலே பச்சையும் நீலமுமாகப் பூஞ்சை வெல்வெட் துணி மாதிரி படர்ந்திருந்தது. அதைத்தான் ஆபரேஷனுக்குக் கிளம்பிய அன்று காலையில்கூடக் கரண்டியால் எடுத்து மகளுக்கு டப்பாவில் வைத்து அனுப்பினேன். இடது கண்ணால் பார்த்தால் அது நன்றாக ஊறிய எலுமிச்சை. குடிதண்ணீர்க் குடத்தின் உட்புறம், பாத்திரம் தேய்க்கும் நார், தலையணை உறையில் என் தலை படுகிற இடம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். என் நகத்தைக்கூடப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கொடியில் என் வீட்டுக்காரர் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் லாரி புக்கிங் ஆபீஸில் இருக்கிறார், வெள்ளைச் சட்டை மட்டும்தான் போடுவார். துவைத்த துணி மஞ்சளாகத் தெரிந்தால் சொட்டு நீலம் கூடப் போடுவது எல்லா வீட்டிலும் வழக்கம். நானும் போட்டேன். வெளுக்கவில்லை என்று தோன்றத் தோன்ற இன்னும் கொஞ்சம் போட்டேன். இரண்டு சொட்டு என்பது மூடியாகி, மூடி இரண்டாகி, கடைசியில் பாட்டில் பத்து நாள் வராமல் போனது. கொடியில் இருந்தவை வெள்ளைச் சட்டைகள் இல்லை. திட்டுத் திட்டாக நீலம் பாய்ந்து, கக்கத்தில் மட்டும் வியர்வை மஞ்சள் அப்படியே இருந்தது.

"இன்னாங்க இது, சட்டையெல்லாம் இப்டி நீலமா இருக்குது?"

அவர் செய்தித்தாளை இறக்காமலே சொன்னார். "ரெண்டு வருசமா அப்டித்தானே இருக்குது."

"சொல்றதுக்கு இன்னா?"

"நீ ஏதோ ஆசையா போடுறன்னு நெனச்சிக்கினு இருந்தேன். ஆபீஸ்ல நீலச்சட்டைன்னுதான் கூப்புடுறானுங்க. சட்டை சட்டைதானே, உடு."

நான் சிரிக்கவில்லை. மாதம் முழுவதும் வீட்டைத் தேய்த்தேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது, குனியக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். முடிந்தவரை குனியாமல் தேய்த்தேன். தேய்க்கும்போதெல்லாம் அந்த ஐந்து பழங்கள் என் முன்னால் வரிசையாக இருந்தன. அதற்கு மேல் அப்போது நினைக்க பயம்.

ஜூலையில் வேலைக்குத் திரும்பினேன். பெல்ட் ஓடத் தொடங்கியது. வலது கண்ணை மூடினேன், எல்லாம் பழம். இடது கண்ணை மூடினேன். காம்புப் பக்கம் ஈரமான பழுப்பு, அந்தப் பழுப்பின் ஓரத்தில் சாம்பல் கலந்த நீலத்தில் பூஞ்சை. அது ஒரு பழத்திலிருந்து அடுத்த பழத்துக்குத் தொட்டுத் தொட்டுப் பரவியிருந்தது. நீலத்தை உள்ளே விடாத கண்ணுக்கு அந்தப் பூஞ்சை வெறும் நிழல். சில பழத்தில் தோல் கிழிந்து உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. புழுகூட எனக்கு நார் என்றுதான் தெரிந்திருக்க வேண்டும். பதினொரு சீசனில் எத்தனை சீசன் இப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. அந்தப் பெண் சொன்னதும், அவளைக் கண்ணு சரியில்லாதவள் ஆக்கியதும், அந்தப் பழங்களை நான் திருப்பிப் பார்த்து நல்லாத்தான் இருக்குது என்றதும் ஞாபகம் வந்தது. கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். கண்ணில் மருந்து விட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அன்று பாதியில் வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அவள் ஊருக்குப் போனேன். வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"இன்னாக்கா, வழி தப்பி வந்துட்டியா?"

நின்றபடியே சொன்னேன். அழுகின பழம்தான் அது, உன் கண்ணு சரி, என் கண்ணுதான் போயிருந்தது, ஆபரேஷன் செய்துகொண்டேன் என்று. சொல்ல ரொம்ப நேரம் ஆனது. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு கொட்டகை மூங்கிலில் தொங்கிய புடவையை இழுத்து என் முகத்துக்கு முன்னால் விரித்தாள்.

"இது இன்னா கலரு, சொல்லு."

"ஊதா."

"அந்தக் கண்ண மூடிக்கினு சொல்லு."

வலது கண்ணை மூடினேன். "காப்பிப் பொடி கலரு" என்றேன்.

"தூ" என்று கீழே துப்பினாள். என் மேல் இல்லை, ஆனால் என் காலிலிருந்து ஒரு சாண் தூரத்தில். "இந்தக் கண்ண வச்சிக்கினு எம்பொழப்புல மண்ண போட்டுட்டியேக்கா. மூணு ஃபேக்டரி கேட்டு ஏறி எறங்கிட்டேன். மாலைக்கண்ணா உனக்கு, கோழிக்கண்ணான்னு சிரிக்கிறாங்க. என் மாமியா எனக்குப் பார்வையே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியுது. சோத்துல கல்லு இருந்தாகூட எங்கண்ணாலதானாம்."

"மேஸ்திரிகிட்ட போயி நான் சொல்றேன்மா."

"தனியா சொல்லுவ. அவரு சரின்னு தலையாட்டுவாரு, வெளிய ஒருத்தருக்கும் தெரியாது. வேன்ல வச்சி சொல்லு. எல்லாரும் இருக்கச்ச சொல்லு. எம்பேரு கெட்டது வேன்லதானே. அவங்கதானே நாலு ஃபேக்டரிக்கும் போறாங்க."

எனக்கு அதுதான் முடியாத காரியம். அவளுக்கு அது தெரியும். அதனால்தான் அதைக் கேட்டாள் என்று நினைக்கிறேன். கேட்க அவளுக்கு உரிமை இருந்தது. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அந்தக் கொட்டகை நாற்றத்தில் குடித்திருக்க மாட்டேன். இப்போது எல்லாவற்றிலும் முதலில் அழுக்குத்தான் கண்ணில் படுகிறது.

திங்கட்கிழமை காலை வேனில் ஏறினேன். என்னைத் தவிர இருபது பெண்கள் இருந்தார்கள். பெல்ட்காரிகள், தலை வெட்டுகிறவர்கள், அடுத்த ஃபேக்டரியில் இறங்குகிறவர்கள் எல்லாரும் ஒன்றாகத்தான் போவோம். முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் மேஸ்திரி இருந்தார். இரண்டு நிறுத்தம் வரை வாய் திறக்கவில்லை. மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"ஒரு விசயம் சொல்லணும். அந்த ஜி.டி. நெல்லூர் பொண்ண அனுப்பிட்டாங்களே, அது கண்ணு நல்லா இருக்குது. அன்னிக்கு அது போட்டதெல்லாம் அழுகல்தான். என் கண்ணுலதான் பொரை. எனக்குத்தான் கலரு தெரியல. நான் சொன்னது தப்பு."

பின் சீட்டில் தலை வெட்டும் பெண் ஒருத்தி சிரித்தாள்.

"இதச் சொல்லவா எழுந்து நிக்குற? எங்களுக்கு அப்பவே தெரியும்க்கா."

"தெரியுமா?"

"வெட்டுறவளுக்குத் தெரியாதா? கத்திய வச்சா சீழு மாதிரி வரும். உன் பக்கத்துலேர்ந்து வர்றதத்தான் நாங்க மூக்க மூடிக்கினு வெட்டுவோம்."

"அப்போ அன்னிக்கு ஏன்டி ஒருத்தியும் சொல்லல?"

"கேட்டது உன்னத்தானே. எங்கள யாரு கேட்டாங்க?"

இன்னொருத்தி, "எங்க வூட்டுப் புள்ளைங்களுக்கு ஜூஸே வாங்கித் தர மாட்டோம்க்கா நாங்க, கடையில பாத்தா கையெடுத்துக் கும்புட்டுட்டு வந்துடுவோம்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டபோது வந்த அருவருப்பு பூஞ்சையைப் பார்த்தபோதுகூட வரவில்லை. இருபது பேருக்கும் நல்ல கண். இருபது பேரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

மேஸ்திரி திரும்பியே பார்க்கவில்லை. எங்கள் ஃபேக்டரி கேட்டில் எங்கள் ஆட்கள் இறங்கிய பிறகு என்னை மட்டும் நிற்கச் சொன்னார்.

"இன்னாக்கா, இத எங்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்ல."

"உங்களுக்கும் அன்னிக்கே தெரியுமாண்ணா?"

அவர் பான் எச்சிலை ஓரமாகத் துப்பினார். சிமெண்ட் தரையில் அது ரத்தச் சிவப்பாக விழுந்தது. சிவப்பு மட்டும் என் இரண்டு கண்ணுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"எனக்குப் பொரை இல்லியேக்கா" என்றார். "நீ நல்லா இருக்குதுன்னு சொல்லுவன்னு தெரிஞ்சிதானே உன்னக் கேட்டேன். மூணு சீசனா உன் டிரம்ம பாத்துக்கினுதான் இருக்கேன். எல்லார் கண்ணும் நல்லா இருந்தா ஃபேக்டரி ஓடாதுக்கா."

அந்தப் பதினொரு வருடப் பேச்சு, அந்த மரியாதை, பெல்ட்டை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டது எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் தெரிந்தது.

"அந்தப் பொண்ணக் கூப்புடுங்க. வேலைக்கு எடுத்துக்குங்க" என்றேன். அவரிடம் நான் வைத்த முதல் கோரிக்கை அது.

"வேன்ல இத்தினி பேர் எதிர்ல சொல்லிட்ட. இனிமே எடுக்காம இருக்க முடியுமா? வரச் சொல்லு." போகத் திரும்பியவர் கேட்டார். "இன்னொரு கண்ணு எப்போ?"

"தீபாவளி கழிச்சி."

"சரேலே" என்று தெலுங்கில் சரி சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அன்று முழுவதும் பெல்ட்டில் நின்றேன். இடது கண்ணுக்கு மேல் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டேன். பத்தரை மணிக்கு என் டிரம் நிறைந்தது, ஒரு மணிக்கு இரண்டாவது டிரம் நிறைந்தது, மூன்றாவது டிரம் கேட்டபோது கொண்டுவர யாரும் வரவில்லை. அதற்குப் பிறகு அழுகலைத் தரையிலேயே போட்டேன். கணுக்கால் வரை வந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் என்னிடம் பேசவும் இல்லை. எதிர்ப்பக்கம் நின்ற பெண் மட்டும் காலை நகர்த்திக்கொண்டாள். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவளுக்குப் போன் செய்து நாளைக்கு வா என்று சொன்னேன். "ம்" என்றாள்.

மறுநாள் காலை ஆறரைக்குத் தெருமுனையில் நின்றேன். வேன் நிற்காமல் போனது. அவளை அன்று வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பெல்ட்டில் இல்லை, பழம் கழுவும் தொட்டியில்.